நான்கு கிராம்புப் பொட்டலங்கள்

தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு. ஸ்ரீரங்கம்.

அம்மா கடைசியாகக் கிண்டிய புளிக்காய்ச்சல் ஜாடியை இன்று ஊருக்கு வந்த தம்பிக்காகத் திறந்தேன். அம்மாவின் காரியத்துக்குக்கூட அவனால் துபாயிலிருந்து வர முடியவில்லை. பத்து மாதமாக அவனுக்கென்று பத்திரப்படுத்தியிருந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்வது சின்னப் பொட்டலம். உள்ளே இருக்கும் கிராம்பெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, உணவில் கிருமி வளரவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு ஜாடிக்கு ஒன்று போதும், கூடினால் ருசியைத் தின்றுவிடும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான். அம்மாவின் ஜாடியில் நான்கு போட்டேன். அவ்வளவு பயம்.

சாதத்தில் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"என்னக்கா, கிராம்பு வாசனை அடிக்குது? அம்மா இதுல கிராம்பே போடமாட்டாங்களே."

நானும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். துளிக்கூடக் கெடவில்லை. ஆனால் பெருங்காயமும் வறுத்த வெந்தயமும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

"பரவால்லக்கா, நல்லாத்தான் இருக்கு" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டான். எனக்காகத்தான் சாப்பிட்டான்.

"மேல நல்லெண்ணெய் நின்னா போதும்மா, வருஷமானாலும் கெடாது" என்று அம்மா எப்போதும் சொல்வாள். படித்தவள் நான், எண்ணெயை நம்பவில்லை.

அடியில் இரண்டு கரண்டி மிச்சம் இருக்கிறது. பொட்டலங்களை எடுத்து எறிந்துவிட்டு ஜாடியைத் திறந்தே வைத்திருக்கிறேன். கிராம்பு போய்விட்டால் அம்மா இருப்பாள் என்று ஒரு நப்பாசை. இதுவரை மூன்று முறை எழுந்துபோய் முகர்ந்து பார்த்துவிட்டேன்.

கிராம்புதான்.