மோப்பத்துக்கு ஒரு சட்டை

ஆடி, திங்கள்

இல்லை, நாய் பிடிக்கும் என்பதால் இல்லை. ஆனால் மோப்ப நாய்ப் பிரிவுக்கு ஏன் வருகிறாய் என்று எஸ்.ஐ. கேட்டபோது அப்படித்தான் சொன்னேன். சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் உயிர் என்று. எங்கள் வீட்டில் ஒரு பூனைகூட இருந்ததில்லை.

காற்று. மைதானம் முழுக்கப் புழுதி. சிண்டிக்குக் கண் துடைத்தேன், காது துடைத்தேன், உண்ணி பார்த்தேன். கறுப்பு லாப்ரடார், இன்னும் பாதிக் குட்டி. உப்பில்லாத கோழிச் சோறு. சாப்பிட்டு முடித்ததும் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே சுவர் வரை போகிறது.

வெள்ளிக்கிழமை தேர்வு. தேறினால் மோப்ப நாய்ப் பிரிவில் இடம், சிண்டி என் பொறுப்பு. இல்லையென்றால் பழையபடி பந்தோபஸ்து, திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடிப்பது. சிண்டி வேறு யாரிடமாவது போய்விடும்.

எஸ்.ஐ.க்குச் சொல்லாதது: அண்ணன் செந்தில் காணாமல் போன அன்று வந்த போலீஸ் நாய். கொள்ளிடக் கரை, ஸ்ரீரங்கம் பக்கம். செந்திலின் பைக் படித்துறைக்கு மேலே, சாவியோடு. அந்த வருடம் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். நாய் பைக் சீட்டை மோந்தது. படி இறங்கியது. தண்ணீர் தொடும் படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக் குரைத்தது. வாலை ஆட்டியது. அதைக் கொண்டுவந்த போலீஸ்காரர் சபாஷ் என்று ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

உடல் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது அந்த பிஸ்கட் கடிபடும் சத்தம்.

செவ்வாய்

காட்டூர் வீடு. கரண்ட் இல்லை. அம்மாவுக்கு செந்தில் உயிரோடுதான். ஒரு வாரம் திருப்பூரில், ஒரு வாரம் பெங்களூரில். நாய் காட்டியதைச் சொன்னால், "அது என்ன சாமியா?"

இன்று சோறு போடும்போது, என் முகத்தைப் பார்க்காமல்: "உன் நாய ஒரு தடவ மோந்து பாக்கச் சொல்லேன்."

விளக்கினேன். மழை, வெயில், வெள்ளம், எத்தனையோ பேரின் கால்கள். மண்ணில் எதுவும் மிச்சம் இருக்காது. வகுப்பில் எழுதிக்கொண்டதை அப்படியே ஒப்பித்தேன். அம்மா முழுசாகக் கேட்டாள். பிறகு பீரோவைத் திறந்து சட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். நீலக் கட்டம் போட்டது. காணாமல் போவதற்கு முந்தின நாள் செந்தில் கழற்றிப் போட்டது. அதைத் துவைக்கக் கூடாது, அம்மாவின் சட்டம்.

அவள் வெளியே போகும் நேரங்களில் நான் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வது அவளுக்குத் தெரியாது.

புதன்

நாளைக்கு ஆற்றங்கரைப் பயிற்சி: இடுக்கி, புது கவர், ரப்பர் பந்து, தண்ணீர். பிஸ்கட் வேண்டாம். எப்போதும் வேண்டாம்.

எஸ்.ஐ. மறுபடி சொன்னவை. மோப்பத்துக்குக் கொடுக்கும் பொருளை வெறுங்கையால் தொடக் கூடாது. இடுக்கியால் எடுத்துக் கவரில் போட வேண்டும். நாய் சரியாகச் செய்த அந்த நொடியே பந்து, அந்த நொடியே சந்தோஷக் குரல். நம் மனசு எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. தாமதித்தால், செய்தது தப்பு என்று கற்றுக்கொள்ளும்.

என்னோடு பயிற்சியில் இருக்கும் அந்தோணி, பாலக்கரைக்காரன், என் சந்தோஷக் குரலை எல்லார் முன்னாலும் நடித்துக் காட்டினான். "எம்.ஏ. மேடம் பாராட்டுனா இரங்கல் கூட்டம் மாதிரியே இருக்குங்க ஐயா." எஸ்.ஐ.யும் சிரித்தார். நியாயம்தான்.

சட்டை பைக்குள். கொண்டுபோகிறேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் சிண்டி அந்தப் பையை மோந்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். காலிச் சுவர்.

வியாழன்

கொள்ளிடம். இந்த வருடம் அக்கரை ஓரமாக மட்டும் தண்ணீர், மற்றதெல்லாம் மணல். அதே படித்துறை. இடம் குறித்தது எஸ்.ஐ., நான் இல்லை. நாய் உட்கார்ந்த படிக்குக் கீழே இப்போது நெருஞ்சி.

அந்தோணி மணலில் நடந்துபோய் நாணலுக்குள் ஒளிந்தான். திருடன் வேஷம் அவனுக்குப் பிடிக்கும். அவன் கைக்குட்டை ஒரு கவரில். சட்டை ஒரு கவரில். எஸ்.ஐ. மேலே போனில்.

சட்டை இருந்த கவரைத் திறந்து, தேடச் சொன்னேன். "சர்ச்."

சிண்டி மூக்கை உள்ளே விட்டது. நிதானமாக. படியைப் பார்த்தது. தூரத்துத் தண்ணீரைப் பார்த்தது. ஒரு வட்டம். இன்னொரு வட்டம், சிறியது. பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக் குரைத்தது.

மறுபடி கொடுத்தேன். மறுபடி என் முன்னால். வால் மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

எஸ்.ஐ. இறங்கி வந்தார். கவருக்குள் பார்த்தார். யாருடையது என்று கேட்டார், சொன்னேன். திட்டுக்குக் காத்து நின்றேன். அவர் கவரை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அவன் இதுல இல்லம்மா. நீதான் இருக்க."

இத்தனை நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நானே மோந்து தீர்த்திருக்கிறேன். அவன் இருந்த இடத்தில் என்னைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

அந்தோணி நாணலிலிருந்து வந்துவிட்டான், தலையெல்லாம் மணல், சண்டைக்குத் தயாராக. எங்களைப் பார்த்ததும் அடங்கினான். சிண்டி இன்னும் உட்கார்ந்தே இருந்தது. அவன்தான் மெதுவாகச் சொன்னான்: "பந்தப் போடு. அது சரியாத்தான செஞ்சிருக்கு."

போட்டேன். சபாஷ் என்றேன். குரல் ஏறவில்லை. மறுபடி, உயரமாக, சிரித்து, கை தட்டி. படியில் துணி காயப்போட்ட ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பாள்.

வீடு. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்ன காட்டியது என்று கேட்டாள். என்னைக் காட்டியது, ஏனென்றால் அதில் என் வாசனைதான் இருக்கிறது என்றேன். அவள் கை நிற்கவில்லை. கீரை முழுவதும் உருவி முடித்த பிறகு:

"நானும்தான் எடுப்பேன். நீ டூட்டிக்குப் போனப்புறம்."

வெள்ளி

மேகமூட்டம். மைதானத்தில் தேர்வு. அந்தோணியின் கைக்குட்டை, இடுக்கியால். பாதி வழியில் சிண்டி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.  நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. திரும்பி, நேராகப் போனது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் அந்தோணி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. என் குரல் சரியாக வந்தது. பயமாக இருந்தது, அத்தனை சரியாக வந்தது.

எஸ்.ஐ. கயிற்றைக் கையில் கொடுத்தார். திங்கள் முதல் டூட்டி. "கூப்பிட்டா ஆத்துக்கும் போகணும்." தெரியும் ஐயா என்றேன்.

தெரியும். யாரோ ஒருத்தி கரையில் நிற்பாள். அவள் காதில் விழும்படி நான் சபாஷ் சொல்ல வேண்டும்.

வீட்டில் அம்மா இல்லை. சட்டை பீரோவிலும் இல்லை. கொல்லையில், துவைக்கிற கல்லின் மேல் மடித்து வைத்திருந்தாள், பக்கத்தில் சோப்பு.

மோந்து பார்க்கவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து, ஊற வைத்தேன்.