சலாபெரி அழுத அழுகை

அன்புள்ள அம்மாவுக்கு, எர்மீனியா வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? ப்யூனஸ் அயர்ஸ் குளிரிலும் நான் சுகமே.

நீங்கள் சினிமாவில் பார்த்து உருகும் மகாநடிகர் சலாபெரிக்கு நான்தான் உடை மாட்டிவிடுகிறேன் என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிறீர்களாம். அவர் லட்சணத்தைக் கேளுங்கள்.

அப்பா இறந்த தந்தி வந்தபோது அவருடைய ஒப்பனை அறையில் விழுந்து அழுதேன். மனுஷர் ஒரு வாய் தண்ணீர்கூடத் தராமல் வேடிக்கை பார்த்தார். போன வாரம் புது நாடகத்தில் என் அழுகையை அப்படியே அழுதார். கையைக் கடித்துக்கொண்டு, அதே விக்கலோடு. சபை எழுந்து நின்று கைதட்டியது. ஐம்பது வருஷ அனுபவமாம், பத்திரிகைகள் புகழ்கின்றன.

உள்ளே வந்து, "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"கண்ணுல தண்ணி வரலீங்களே ஐயா."

"கடைசி வரிசைக்காரனுக்கு அது தெரியவா போகுது?" என்று சிரித்தார்.

"அப்போ பொத்தானையும் நீங்களே போட்டுக்குங்க" என்று சட்டையை அவர் மடியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. இப்போது இதே நாடக அரங்கில் நடனப் பெண்களுக்கு உடை தைக்கிறேன்.

யாராவது வந்தால் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி கொடுத்தனுப்புங்கள். அப்பா படம் ஒன்றும் வேண்டும். அவரை நினைத்து அழ உட்கார்ந்தால் இந்த ஆள் மூஞ்சிதான் வந்து நிற்கிறது.

மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

எர்மீனியா