மாடிக்கு எட்டுப் பேர்

இரண்டு வாரமாகக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த கறுப்புத் துப்பட்டாவை இன்று காலைதான் துவைக்க எடுத்தேன். உதறியதும் தோள் பக்கமிருந்து வெள்ளையாகத் தூள் பறந்தது. மூடியே வைத்திருந்த பழைய கோதுமை மாவு டப்பாவைத் திறந்தால் வருமே, அந்த வாடை. மரம் உளுத்து உதிர்கிற தூள். எங்கிருந்து உதிர்ந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. துப்பட்டாவை வாளியில் அமுக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஈரக் கையோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் ஊருக்குப் புதுப் பெயர் வைத்துப் பலகைகளையெல்லாம் மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் போர்ட் பிளேயர்தான் வருகிறது. நீ இருந்திருந்தால் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு பெயரையும் விளக்கி விளக்கியே தொண்டை கட்டியிருப்பாய்.

அந்தக் கவுண்டரில்தானே நம் நடையே ஆரம்பித்தது. ஹேவ்லாக் தீவுக் கப்பலுக்கு டிக்கெட் கிடைக்காமல் முகம் தொங்கிப் போய் நின்ற மெயின்லேண்ட் ஆட்கள் நாலு பேர், "இந்த ஊர்ல வேற என்னதாங்க பாக்குறது?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டார்கள். உனக்குச் சுருக்கென்றிருக்கிறது. "ஞாயித்துக்கிழம காலைல ஆறு மணிக்கு அபர்தீன் பஜார் மணிக்கூண்டுக்கு வாங்க, நடந்தே காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் போன் போட்டாய். கட்டடங்களைச் சோதிக்கிற ஆபீஸில் ஜூனியர் இன்ஜினியராக இருப்பவள் கூட வந்தால் ஒரு கௌரவம் என்றாய். வந்து பார்த்தால் தண்ணீர் பாட்டில் சுமப்பதும் தலை எண்ணுவதும் என் வேலை, கதை சொல்வது உன் வேலை.

பத்து வருடம் அப்படி நடந்தோம். மணிக்கூண்டில் தொடங்கி, பஜார்ச் சந்துகளில் நுழைந்து, ஜெயிலின் வெளிச்சுவர் ஓரமாக ஏறி, கடலோரம் இறங்கி, எதிரே ராஸ் தீவைக் காட்டி முடிப்பாய். தண்டனை முடிந்து இங்கேயே குடும்பம் கட்டிக்கொண்டவர்கள், பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தச்சர்கள், ஜப்பான்காரன் காலத்துப் பசி என்று ஒவ்வொரு சுவருக்கும் உன்னிடம் ஒரு கதை இருந்தது. நீ சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லும்போது, நான் பூச்சு உப்பியிருக்கிறதா என்று பார்ப்பேன். சில ஞாயிறுகளில் படகேறிப் போகும் ராஸ் தீவில் மரத்து வேர்கள் கட்டடங்களைச் சுற்றிப் பிடித்திருப்பதை எல்லாரும் படம் எடுப்பார்கள். அந்த வேர் இன்னும் ஒரு மழைக்கு இறுக்கினால் எந்த மூலை பிளக்கும் என்று நான் தேடிக்கொண்டிருப்பேன்.

"நீ கட்டடத்த பாக்கல புள்ள, அது எப்ப விழும்னு பாத்துக்கிட்டு நிக்கிற" என்பாய். வருகிறவர்களிடம், "இவங்கதான் எங்க இன்ஜினியரு. இவங்க பயப்படாத எடமா பாத்து நில்லுங்க, அங்க ஒண்ணும் ஆகாது" என்று என்னை அறிமுகப்படுத்துவாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்துகொள்வேன்.

பஜார்ச் சந்தில் அந்த மரவீடு. கீழே கயிறும் தூண்டில் சாமானும் விற்கிற கடை, மேலே சந்தைப் பார்த்து நீண்ட பால்கனி, ஏறி இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. உனக்கு அந்த வீடு என்றால் உயிர். ஆட்களைப் பால்கனிக்கு ஏற்றி நிறுத்தி, ஜப்பான்காரன் காலத்துக் கதையைத் தொடங்குவாய். வீட்டுக்காரி ஒளித்து வைத்திருந்த அரிசியை அந்தப் பால்கனியில்தான் உலர்த்திக்கொண்டிருக்கிறாள். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். அரிசி மேல் ஈரப் புடவையை விரித்து, அதன் மேல் தானும் உட்கார்ந்து, மகளை மடியில் சாய்த்துக்கொள்கிறாள். சிப்பாய் மேலே வந்து நிற்கிறான். "அப்புறம் என்னா ஆச்சுன்னு ரோட்டுக்கு அந்தாண்ட போய்ச் சொல்றேன், எறங்குங்க" என்பாய். பாதிக் கதையோடு எல்லாரும் விறுவிறுவென்று இறங்குவார்கள். நான் அவர்களைச் சாலை கடக்க வைப்பேன். நீ கடைக்காரரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிதானமாக வருவாய். வந்து, மகளின் தலையில் அவள் பேன் பார்க்கத் தொடங்கியதையும் சிப்பாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனதையும் சொல்லி முடிப்பாய். நல்ல வித்தைக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது வருடம் என்று நினைவு. கடைக்குள் நின்றுகொண்டிருந்தபோது, மேலே பால்கனியைத் தாங்கும் உத்தரத்தில் சும்மா ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. தூண்களெல்லாம் படாக் மரம், இரும்பு மாதிரி நின்றன. ஆனால் எப்போதோ ஒரு ரிப்பேரில் யாரோ உத்தரத்துக்கு மட்டும் மட்டமான வெள்ளை மரத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து, "ஏட்டி, நான் ரிப்போர்ட் எழுதப் போறேன்" என்றேன்.

நீ அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எழுதுனின்னா மொதல்ல தகரம் வெச்சு மறைப்பாங்க. அப்புறம் ஜேசிபி வரும். கச்சால்ல எங்க லயத்து வீடு இருந்துச்சே, இன்னைக்குப் போய்ப் பாக்கலாம்னா ஒரு செங்கல்லு இருக்கா? அலை கொண்டு போனதுக்கு நான் யாருகிட்ட போய்க் கேக்குறது? இத நீ கொண்டு போயிறாத புள்ள."

இலங்கையில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் வேரூன்றி, அதையும் கடலுக்குக் கொடுத்த குடும்பம் உன்னுடையது. அதைப் பற்றி நீ வாய் திறந்தது அந்த ஒரு நாள்தான். ரிப்போர்ட் எழுத மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஒரு நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? உளுத்த மரத்துக்குக் கணக்கே கிடையாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். உன் முகத்துக்காக ஓர் எண்ணைக் கண்டுபிடித்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த எட்டுப் பேர் மேலே நிற்கும் பத்து நிமிடமும் கீழே நின்று அந்த உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிட்னி வைத்தியத்துக்கென்று உன்னை மெயின்லேண்டுக்குக் கொண்டுபோன அன்று, ஏர்போர்ட் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி, "நடைய மட்டும் விட்றாத" என்றாய். நீ உயிரோடு திரும்பவில்லை, நான் நடையை விடவில்லை. எனக்குக் கதை சொல்ல வராது. ஜப்பான்காரன் கதையை இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவேன். ஆனாலும் யாரோ பால்கனியிலிருந்து வீடியோ எடுத்துப் போட்டு, கூட்டம் கூடிக்கொண்டே போனது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு பத்தொன்பது பேர். எட்டு எட்டாக ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு, கடைக்குள் நின்று ஒருவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், கீழே ஒருவரும் இல்லை. தலைக்கு மேல் பத்தொன்பது பேரும் நடக்கிற சத்தம். எறங்குங்க என்று சொல்ல வாயெடுத்தேன். தரை அசைந்தது.

நமக்கு இது புதிதா? ஃபேன் ஆடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு விட்ட வேலையைத் தொடர்கிறவர்கள்தானே நாம். அன்றைக்கும் சின்ன ஆட்டம்தான். கடையில் தொங்கிய தூண்டில் கொக்கிகள் கிணுகிணுவென்றன, அவ்வளவுதான். ஆனால் உத்தரம் முனகியது. என் தோளில் மாவு கொட்டியது. மேலே ஒரு பெண், "ஐயோ, ஆடுதுங்க" என்று கத்தினாள்.

ஓடி வாருங்கள் என்று நான் கத்தினால் பத்தொன்பது பேரும் அந்த ஒற்றைப் படிக்கட்டின் பக்கம் பாய்வார்கள். உத்தரம் உளுத்திருப்பதும் அந்த முனைதான். கத்தாமல் இருந்தால் அப்படியே நிற்பார்கள். எது செய்தாலும் கொன்றுவிடுவேன் என்று தோன்றியது. தெருவுக்கு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நிஜமாகவே நினைத்தேன்.

அப்புறம் என் வாயிலிருந்து கதை வந்தது. தெருவில் இறங்கி நின்று அண்ணாந்து, உன் குரலைக் கடன் வாங்கின மாதிரி, "இது இங்க தெனம் வர்ற ஆட்டம், பயப்படாதீங்க. நீங்க நிக்கிற எடத்துலதான் ஒருத்தி அரிசி ஒளிச்சு வச்சா" என்று ஆரம்பித்தேன். ஈரப் புடவையை விரித்தேன். மகளை மடியில் சாய்த்தேன். சிப்பாயை மேலே ஏற்றினேன். நிறுத்தினேன். "மிச்சக் கதை எதிர்ப்பக்கம். ஒவ்வொருத்தரா, மெதுவா, கைப்பிடியப் பிடிச்சு வாங்க. முன்னாடி இருக்கவங்க மொதல்ல." சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருவர் நடுப்படியில் நின்று செல்ஃபி எடுத்தார். அவரை என்ன செய்வது சொல். பத்தொன்பதாவது ஆள் தெருவில் கால் வைத்ததும் என் முழங்கால் மடங்கிவிட்டது.

"அரே, பைட்டோ மேடம், உக்காருங்க" என்று கடைக்காரர் என்னைப் பிடித்துக் கயிற்றுக் கட்டு மேல் உட்கார வைத்தார். ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது இந்தச் சந்தில், அதனால் அவர் தமிழில் பாதி ஹிந்தி. சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"உங்க ஃப்ரெண்டும் பில்குல் இப்படித்தான் மேடம். ஆளுங்கள எறக்கிட்டு வந்து இதே கட்டு மேலதான் உக்காருவாங்க. கை காலெல்லாம் வெடவெடன்னு ஆடும். நீங்க ஆளுங்கள ரோடு க்ராஸ் பண்ணி விடுவீங்கல்ல, அந்த ரெண்டு மினிட். சொம்புத் தண்ணியையும் குடிச்சுட்டு எந்திரிப்பாங்க. அவகிட்ட சொல்லிறாதீங்கண்ணே, தெரிஞ்சா ரிப்போர்ட் எழுதிருவான்னு சொல்வாங்க. கதைய ஏன் பாதில நிறுத்துறாங்கன்னு நெனச்சீங்க? ஆள சட்டுனு எறக்கத்தான்."

எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எப்படி எழுதுவது? என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஊருக்கெல்லாம் காட்டினாயே. நீ மேலே நின்று பயந்தாய், நான் கீழே நின்று பயந்தேன். நடுவில் ஓர் உளுத்த பலகை. நாம் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் எழுதினேன். இந்தக் குறை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும் என்றும் எழுதினேன். மேலதிகாரி வாசித்துவிட்டு, இந்த வரி வேண்டுமா, யோசித்துக்கொள் என்றார். இருக்கட்டும் என்றேன். மெமோ வரும். வேலைக்கே உலை வைக்குமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை தகரம் வைத்து மறைத்துவிட்டார்கள், நீ சொன்ன மாதிரியே. கடைக்காரர் சாமானை வண்டியில் ஏற்றும்போது என்னிடம் பேசவில்லை. உத்தரத்தை மட்டும் மாற்றி, முட்டுக் கொடுத்து வீட்டை நிறுத்தலாம் என்று வரைபடத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்பார்களா, ஜேசிபியை அனுப்புவார்களா, தெரியவில்லை. உன்னிடம் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கேட்க மனம் வரவில்லை.

நேற்று ஞாயிறு. கூட்டத்தோடு அந்தச் சந்துக்குப் போனேன். மேலே ஏற முடியாதா, வீடியோவில் பார்த்தோமே என்றார்கள். ரிப்பேர் நடக்கிறது, அனுமதி இல்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வேறு வந்தது. "முடியாதுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

பதினைந்து பேரில் யாரும் சிரிக்கவில்லை. தகரத்தை ஒட்டி நின்றவர்கள் தாங்களாகவே சாலையின் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் வயசுக்காரி ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "எனக்கும் அந்தப் படியப் பாத்ததுலேர்ந்து திக்குனுதான் இருந்துச்சு. எல்லாரும் ஏறுதாங்களேன்னு நானும் ஏறியிருப்பேன்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்றிருந்தது, என் கையைப் போலவே. அப்படியே நின்று இருவரும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன்பின் தெரியாதவள் அவள். ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டாள். உனக்குப் பத்து வருடம் இருந்தது, எனக்கும் இருந்தது.