ரிவால்வர் தூரம்

காற்றைக் குறை சொல்லிக்கொண்டே வெறுங்கையோடு வீடு வந்த என் செல்லச் சித்தப்பாவுக்கு,

மேலே எப்படி இருக்கிறீர்கள்? அங்கேயும் யாரையாவது குப்புறப் படுக்கப் போட்டு ஊர்ந்து வரச் சொல்கிறீர்களா? இங்கே நம் ஊர் மனுரேவாவில் மழை. உங்கள் பூட்ஸை அம்மா இன்னும் எங்கள் வாசலிலிருந்து எடுக்கவில்லை. அதில் ஒருமுறை நான் இட்லி மாவு ஊற்றி வைத்தேனே, அந்த வெள்ளை இன்னும் தையலில் இருக்கிறது. தோசை வார்க்கலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் மலர்மேல் எனக்குப் பொறாமை. நீங்கள் இருந்தபோதே இருந்தது. உங்கள் நெஞ்சு திடீரென்று நின்றுபோன பிறகாவது குறையும் என்று பார்த்தேன், குட்டி போட்டிருக்கிறது. அவளுக்கு நீங்கள் அப்பா, எனக்குச் சித்தப்பா. நடுவில் ஒரே ஒரு 'சித்'. அதைத் தாண்ட முடியாமல்தான், அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு நீங்கள் மான் வேட்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் நான் டிரைவ்வேயில் கையாட்டிக்கொண்டு நின்றேன்.

"நானும் வரேன் சித்தப்பா" என்றால், "நீ வந்தா நமக்கு முன்னாடியே உன் வாய் போய் மானப் பாத்துடும்டா" என்பீர்கள். மலர் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே!

ரிவால்வர் கதையை மட்டும் எனக்கும் சொன்னீர்கள். டெக்சாஸில் வேலை பார்த்த காலத்தில் ரிவால்வரோடு மான் வேட்டைக்குப் போனீர்கள். அதற்கு முன்னால் ஒரு காகிதத்தட்டை மாட்டிச் சுட்டுப் பார்த்தீர்கள். ஆறு குண்டும் தட்டுக்குள்ளேயே விழுகிற தூரம் எதுவோ, அதுதான் உங்கள் தூரம். முப்பது கஜம். "அதுக்கு மேல போனா வேட்டை இல்லடா, லாட்டரி. தோக்கறது நாம, துடிச்சுச் சாகறது மானு."

இந்த நாட்டில் ரிவால்வர் துப்பாக்கி சுடும் கிளப்போடு சரி, காட்டுக்குள் வரக்கூடாது என்றதும் ரைஃபிளுக்கு மாறினீர்கள். தூரத்தை மட்டும் மாற்றவில்லை. இருநூறு கஜம் சுடுகிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு முப்பது கஜத்துக்கு ஊர்ந்து போகிற ஒரே பைத்தியம் என்று உங்கள் வேட்டை நண்பர் டேவ் சிரிப்பார். அவரோடு போனால் கறியோடு வருவீர்கள். மலரோடு போனால் வெறுங்கை. "காத்து மாறிடுச்சு" என்பீர்கள். "காத்துக்கே மலர்னா பயமா சித்தப்பா?" என்று நான் ஒருநாள் கேட்டேன். நீங்கள் மூக்கைச் சொறிந்துகொண்டீர்கள்.

உங்கள் ரிவால்வர் இப்போது டேவிடம். லைசென்ஸ் அவரிடம்தானே இருக்கிறது. அவர்மேலும் பொறாமைதான், ஆனால் அது சின்னது.

போன சனிக்கிழமை டேவ் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனார். மலருக்கு முன்னால் நான் சுட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் மனசில். புல்வெளி ஓரத்தில் ஒரு மான் நின்றது. "தாராளமா படும், சுடு மேட்" என்று டேவ் ரைஃபிளை என்னிடம் தந்து ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். மலர் என் காதோரம் வந்தாள்.

"டேய், இது அப்பா தூரம் இல்ல."

அப்பா தூரமாம்! எனக்குத் தெரியாதா? அந்தக் கோபத்திலேயே ஊர ஆரம்பித்தேன். முழங்கையெல்லாம் முள். பக்கத்தில் மலர், பின்னால் டேவ். ஒரு வார்த்தை பேசவில்லை சித்தப்பா, நான்! மான் புல்லை மெல்லுகிற சத்தம் கேட்கிற அளவுக்குக் கிட்டே போய்விட்டோம். அப்போது மலர் இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

சுட்டேன். ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே விழுந்தது, ஓர் அடிகூட ஓடவில்லை. டேவ் தொப்பியைக் கழற்றி உங்கள் பேரைச் சொன்னார்.

அவர் மானிடம் போனதும் மலரைக் கேட்டேன். "எதுக்குடி மூக்கப் புடிச்ச? நான் காலைல குளிச்சேன்."

"தும்மாம இருக்கத்தான்."

"சளியா?"

"லூசு. இவ்ளோ கிட்ட வந்தா நான் வேணும்னே தும்மிடுவேன். அப்பா கூட வந்தப்போ எல்லா வாட்டியும். மான் ஓடிடும். 'ஆயுசு நூறு'ன்னு அப்பா என் தலையில தட்டுவாரு."

"அவருக்குத் தெரியாதா?"

"ஒருநாள் கார்ல ஏறினதும் டிஷ்யூ பாக்ஸத் தூக்கி என் மடியில வெச்சாரு. 'இன்னைக்கும் மறக்காம எடுத்துக்கம்மா'ன்னாரு."

"அப்ப இன்னைக்கு ஏன் தும்மல?"

"நீதான் அவ்ளோ ஆசப்பட்டியேடா."

இந்த வீட்டில் குறும்புக்கு நான்தான் முதலாளி என்று நினைத்திருந்தேன். அவள் உங்களை ஏமாற்றியிருக்கிறாள். நீங்கள் ஏமாந்த மாதிரி நடித்து எங்கள் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறீர்கள். இவ்வளவு பெரிய குறும்பு நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது, என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மான் எனக்குக் கிடைத்தது. நான் கேட்டது மானையா? அவளுக்காகக் காற்றின்மேல் பழி போட்டீர்களே, நான் வாயைத் திறந்து மானை விரட்டியிருந்தால் எதன்மேல் போட்டிருப்பீர்கள்?

சனிக்கிழமை பெருமாள் நாள் என்று அம்மா கறியை அடுப்பில் ஏற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிளகு வறுவலாகி உங்கள் படத்துக்கு முன்னால் இலையில் இருந்தது. "இவன் எப்படி அவ்ளோ நேரம் வாய மூடிட்டுக் கெடந்தான்?" என்று சித்தி கேட்டார். மலர் என்னைப் பார்த்தாள், சிரித்தாள். அதே சிரிப்பு. இதையெல்லாம் எழுதச் சொன்னதும் அவள்தான். தானே உங்களிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லையாம்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேலும் உங்கள் தூரத்துக்குப் போய்த்தான் சுடுவேன், ஒரு கஜம்கூட முன்னால் இல்லை. மலரையும் கூட்டிப்போவேன். அவள் மூக்கைப் பிடிக்க வேண்டாம். தும்மினால் ஆயுசு நூறு என்று தலையில் தட்டிவிட்டு, வெறுங்கையோடு வந்து, யார் கேட்டாலும் நானே சொல்கிறேன்: காத்து மாறிடுச்சு.

டிஷ்யூ வாங்கிப் பையில் வைத்துவிட்டேன். பொறாமை மட்டும் இறங்கவில்லை.

உங்கள் அண்ணன் மகன்,
கதிர்
(அந்த 'சித்'தை நீங்கள் எடுத்துவிட்டால், வெறும் மகன்)