முத்தி செய்யும் இடத்தில் ஒரு பெயர்

12-3-1969, புதன். கடத்தூர்.

அந்தோணிசாமி என் சிலுவையைத் திருடிவிட்டான். கோயிலுக்குச் சிலுவை செய்யச் சொல்லிப் பித்தளை வாங்கிக் கொடுத்ததோடு அவன் வேலை முடிந்தது. பங்குச்சாமியாரின் புத்தகத்தில் இருந்த பழைய இங்கிலாந்துச் சிலுவையைப் பார்த்து, கொடிப்பின்னல் செதுக்கி, உடைந்த சிவப்பு வளையல் துண்டுகளைப் பதித்தவன் நான். இன்று அதன் அடியில் தன் பெயரை வெட்டச் சொல்கிறான், அதுவும் என்னிடமே.

"கொடத்துல பேர் வெட்டறவன்தான நீ? வெட்டுடா."

பெரிய வெள்ளியன்று ஊரே மண்டியிட்டு முத்தி செய்யும் இடம் அது. என் ஆத்தாவும் அவன் பெயரில்தான் உதட்டை வைப்பாள்.

சாமியார் அதே புத்தகத்தில் இன்னொரு படத்தைக் காட்டினார். "இங்கயும் செய்யச் சொன்ன ராஜா பேருதாம்ப்பா இருக்குது."

"செஞ்ச தட்டான் பேரைச் சொல்லுங்க சாமி. அப்புறம் உளியை எடுக்கறேன்."

அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.