கோடு இறங்கும், பயப்படாதே

இன்று காலை கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து சால்டரிங் புகை வந்தது. ஈயம் உருகும் அதே வாசனை. மற்றவர்களுக்கு அந்த வாசனை எதை நினைவுபடுத்துமோ, எனக்குக் கடல்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணம் நீ.

பட்டன் வைத்த பழைய கறுப்பு வெள்ளை போன் ஒன்று வேண்டும், பேசாவிட்டாலும் பரவாயில்லை, திரை நன்றாக இருந்தால் போதும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா, அக்கா? கலர் போன் வாங்கிக்கங்க, பாட்டெல்லாம் கேக்கலாம்" என்றார். உன் வீட்டு அடுப்படியில் மாட்டுவதற்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நேற்று உன் அம்மா கூப்பிட்டு, "அவ வச்ச திரை அவிஞ்சு போச்சும்மா. மழை வேற வரப்போவுது" என்றார்கள். உப்புக்காற்று தின்றிருக்கும். அந்தக் குரலில் இருந்த நடுக்கம் என்னையும் பிடித்துக்கொண்டது.

பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் எல்லோரும் ப்ராஜெக்ட் செய்துகொண்டிருந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? சுனாமி வந்து போய் ஒரு வருடம் தாண்டியிருந்தது. கடைக்குப் பில் போடுவது, நூலகத்துக்குக் கணக்கு வைப்பது என்று வகுப்பே ஏதேதோ எழுதிக்கொண்டிருக்க, நீ உடைந்த போன் ஒன்றின் திரையை மட்டும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாய். தீப்பெட்டி அளவுதான் இருந்தது. "இதுல தண்ணி தெரியணும்டி" என்றாய். நான் நெரவி வயல்காட்டுக்காரி. எனக்குத் தண்ணீர் என்றால் வாய்க்காலில் முறை வைத்துத் திறந்துவிடுவது. திரைக்குள் எந்தத் தண்ணீரைக் காட்டப்போகிறாய் என்று சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவேட்டக்குடியில் உங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. உன் அம்மா மீன் ஆய்ந்துகொண்டே, யாரும் கேட்காமலே சொன்னார்கள்: "இன்னொரு தடவ வந்துச்சுன்னா நான் ஓடமாட்டேன். சின்னவ போன எடத்துக்கே நானும் போயிடுறேன்." அலையில் கை நழுவிப்போன உன் தங்கையைப் பற்றி அந்த வீட்டில் அதற்கு மேல் பேசமாட்டார்கள். நீ என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனாய். "கடல் வருமான்னு எனக்குப் பயமில்லடி. இவங்க ஒக்காந்துருவாங்கன்னுதான் பயம். முன்கூட்டியே தெரிஞ்சா தூக்கிட்டாவது ஓடலாம்ல?" என்றாய். அதுவரை நீ எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

கொல்லைக்குப் பின்னால் இருந்த கழிமுகத்தில் ஒரு குழாயை நட்டோம். அதற்குள் பிளாஸ்டிக் கேன் ஒன்று மிதந்தது. கேனோடு கட்டிய கயிறு, பழைய ரேடியோவின் சத்தம் கூட்டும் குமிழைத் திருப்பும். குமிழ் எவ்வளவு திரும்பியது என்பதைக் கம்ப்யூட்டர் படித்து, போன் திரையில் ஒரு கோடாகக் காட்டும். தண்ணீர் ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். பரண் மேல் பழைய கம்ப்யூட்டர், அதற்குத் துணையாக உன் அப்பாவின் படகு பேட்டரி. பெரிய மானிட்டர் வைத்தால் பேட்டரி தாங்காது என்பதால்தான் நீ போன் திரையைத் தேடியிருக்கிறாய். முடியைப் போன்ற கம்பிகளை அதன் முனைகளில் பற்றவைப்பதற்குள் எத்தனை திரைகளைக் கருக்கினோம்! கடைசியில் ஒன்று உயிர்பிடித்தது. அதைச் சோப்பு டப்பாவில் அடக்கி, அம்மா அடுப்பிலிருந்து தலை தூக்கினால் தெரிகிற இடத்தில் மாட்டினாய்.

நான் ஒரு குறை சொன்னேன். கோடையில், கழி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லையே, அப்போது கோடு எதைக் காட்டும்? "காட்டாட்டி போவுது. அம்மா அதப் பாத்துக்கிட்டு இருந்தா சரி" என்றாய்.

பிறகு அந்த ஐப்பசி மதியம் வந்தது. நாம் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது. தற்செயலாக நிமிர்ந்தேன். கோடு இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க, டப்பாவின் அடிக்கே போய்விட்டது. கடல் உள்வாங்குகிறது என்றால் அடுத்து என்ன வரும் என்று அந்தத் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். "ஓடுங்க, தண்ணி உள்வாங்குது" என்று நீ கத்தின கத்தல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். நீ அம்மாவைத் தூக்கத்தான் திரும்பினாய். அடுப்படியில் அவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுத் தூளியில் கிடந்த குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, நமக்கு முன்னால் அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தார்ச்சாலை மேட்டில் தெருவே மூச்சிரைக்க நின்றது. அலை வரவில்லை. மண்வெட்டியும் சேறுமாக ஆண்கள்தான் வந்தார்கள், உன் அப்பாவும் அவர்களில் ஒருவர். மழைத் தண்ணீர் தேங்கி வீடுகளுக்குள் ஏறிவிடும் என்று, அடைத்துக் கிடந்த முகத்துவார மணலை வெட்டிவிட்டிருக்கிறார்கள். வருடா வருடம் செய்வதுதான். தேங்கியிருந்த தண்ணீர் அப்படியே கடலுக்குப் பாய்ந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்த உனக்கே பயத்தில் அது தோன்றவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். நீ முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். அவமானத்தில் அழுகிறாய் என்று நினைத்து உன் தோளைத் தொட்டேன். "அம்மா ஓடிட்டாங்கடி" என்றாய்.

அந்தத் திரையைக் கழற்றி வீசச் சொல்வார்கள் என்று நான் பயந்தேன். தெருவுக்குத் தலைவராக இருந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, "நல்லதுதான் பண்ணிருக்கு பொண்ணு. இனிமே வெட்டுறதுக்கு முன்னாடி அந்த வூட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கடா" என்றார். அடுத்த மழையிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முகத்துவாரம் வெட்டப் போகிறவர்கள் உங்கள் வாசலில் நின்று, "வெட்டப்போறோம், கோடு எறங்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

போன வருடம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது உன் தலைமாட்டிலும் ஒரு திரை இருந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் வந்தாய். மூன்றாம் நாள் கண் திறக்கவில்லை. நான் அந்தத் திரையைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் பழகிய பார்வை. "கோடு எறங்குதே, ஏம்மா?" என்று என்னைக் கேட்டார்கள். அங்கே யாரும் முன்கூட்டியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் மேடு இல்லை.

உனக்குப் பிறகு அந்தத் திரையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, அவர்கள் என்னை அடிக்காத குறை. அதனால்தான் இன்று நாலு கடை ஏறி இறங்கி, கீறல் விழுந்த ஒரு போனைப் பிடித்துக்கொண்டு வந்தேன். பற்றவைக்கும்போது கம்பி இரண்டு முறை நழுவியது. நீ இருந்தால், "நெரவிக்காரி, கம்பியப் புடிக்கிறியா, பாம்பப் புடிக்கிறியா?" என்றிருப்பாய். சாயங்காலம் திரை உயிர்பிடித்தது. உன் அம்மா பழைய சோப்பு டப்பாவைத் துடைத்துக் கொடுத்தார்கள். அதிலேயே அடக்கி மாட்டினேன். கோடு பாதியில் நின்றது. இருவரும் வெகு நேரம் அதைப் பார்த்தபடி இருந்தோம்.

மழைக்காலத்தில் திரைகளைக் கண்டாலே எனக்கு இப்போதும் பயம்தான். ஏடிஎம்மில் எழுத்து மறைந்தாலும் நெஞ்சு திக்கென்கிறது. இந்தப் பயம் நீ கொடுத்தது. அதைப் போக்கிக்கொள்ள நான் முயலவில்லை. போன ஐப்பசியில், நீ இல்லாத முதல் மழையில், நெரவிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. உன் அம்மா. நெரவிக்கும் அந்த முகத்துவாரத்துக்கும் வெகு தூரம்.

"இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போறாங்க. வெட்டப்போறாங்களாம்" என்றார்கள். "கோடு எறங்கும். நீ பயப்படாத, என்னா?"