ஓக் பெட்டிக்குள் போன ஈயக் குண்டுகள்

மொண்டானா,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ஜனெலுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான் சுகம், கிழட்டு நாய் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருமுன்னே சேதி சொல்லிவிடுகிறது. அங்கே ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளை கல்லமும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவர் துணை இருப்பார். உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. நீயே ஈயம் உருக்கிக் குண்டு வார்க்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, உன் அப்பா இருந்திருந்தால் சாலையில் போகிற வண்டியையெல்லாம் நிறுத்திச் சொல்லியிருப்பார். ஆனால் தோட்டா நிரப்பும் கருவி வாங்குகிறவரை குண்டுகளை, கல்லம் பழைய ஒயின் பீப்பாய்ப் பலகையில் செய்து கொடுத்த பெட்டியில் அடுக்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பீப்பாய்ப் பலகை என்றால் ஓக் மரம். ஓக்குக்கும் ஈயத்துக்கும் ஆகவே ஆகாது. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் எல்லாக் குண்டையும் வெளியே எடு, அப்புறம் வந்து மிச்சத்தைப் படி.

எடுத்துவிட்டாயா, நல்லது. கல்லமிடம் பக்குவமாகச் சொல், பெட்டி அழகுதான், அதில் அவன் காலுறை வைத்துக்கொள்ளட்டும். அந்த மரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஒரு புளிப்பு ஆவி வந்துகொண்டே இருக்கும், எத்தனை வருடம் ஆனாலும் நிற்காது, அது பட்டால் ஈயம் வெள்ளையாய்ப் பூத்து மாவாகிவிடும். அந்த மாவு விஷம் வேறு. உன் அப்பா எப்போதும் காப்பி டப்பாவில்தான் வைப்பார், நினைவிருக்கிறதா. டப்பாவைக் கழுவி, அடுப்புப் பக்கம் வைத்து நன்றாகக் காயவிட்டு, அடியில் மெழுகுத்தாள் போட்டு, குண்டுகளை ஒவ்வொன்றாக நிற்க வைப்பார், ஒரு வரிசைக்கு மேல் இன்னொரு மெழுகுத்தாள். கொட்டி வைக்காதே, ஒன்றோடொன்று இடித்து அடிவிளிம்பு நசுங்கினால் அப்புறம் அந்தக் குண்டு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. புதுச் செருப்பு வாங்கினால் பெட்டிக்குள் ஈரம் இழுக்கும் பொட்டலம் ஒன்று இருக்குமே, அதைத் தூக்கி எறியாமல் உள்ளே போடு. மேலே சீட்டு ஒட்டு, எந்த ஈயம், வெள்ளீயம் எவ்வளவு சேர்த்தாய், எப்போது வார்த்தாய் என்று, இல்லாவிட்டால் மிருதுவானதும் கடினமானதும் பார்வைக்கு ஒன்றாகத்தான் தெரியும். வெடிமருந்து வைக்கிற அலமாரியில் இதை வைக்காதே, சமையலறைப் பக்கம் கொண்டே வராதே, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ரொட்டியைத் தொடாதே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து விளையாடுவதாக எழுதியிருந்தாய், அதனால் பூட்டும் போட்டு வை.

இப்போது நீ எழுதின இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். போகட்டும் விடும்மா, இருக்கிறது ஒரே ஒரு சித்தப்பா என்று எழுதியிருக்கிறாய். நீ அடக்கத்துக்கு வந்து மறுநாளே விமானம் ஏற வேண்டியிருந்தது, உன் மனதைக் கெடுக்க வேண்டாம் என்று அன்று நடந்ததை நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். ஜனவரி மாதம் உன் அப்பாவைக் குழியில் இறக்கி ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் எல்லாரும் ஹாம் சாண்ட்விச்சும் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நீ பாதிரியாரிடம் பேசிக்கொண்டிருந்தாய், உன் சித்தப்பன் டுவேனின் தட்டில் கேக் பாதியில் கிடந்தது, ஆளைக் காணோம். டுவேன் கேக்கை மிச்சம் வைக்கிற ஜாதி இல்லை என்று உனக்கே தெரியும்.  பக்கத்துப் பண்ணை லவோனைக் கூப்பிட்டு என்னை வீட்டில் விடச் சொன்னேன். பின்கதவு திறந்து கிடந்தது. தாத்தாவின் துப்பாக்கி ஏற்கனவே அவன் பிக்கப் வண்டியில் ஏறியிருந்தது, அப்பாவின் வார்ப்பு அச்சு அவன் கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருந்தது, அவன் நிலவறையில் முட்டி போட்டு உட்கார்ந்து அப்பாவின் காப்பி டப்பாக்களைக் காலி பண்ணிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்து வெட்கப்படுவான் என்று நினைத்தேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இது எங்க அப்பா துப்பாக்கி அண்ணி, அண்ணன் இருந்தவரைக்கும் அவன்கிட்ட இருந்துச்சு, இப்ப நான் ஒருத்தன்தான் மிச்சம், உங்களுக்கு எதுக்கு இதெல்லாம், நீங்க பாட்டுக்கு சாண்ட்விச் பண்ணுங்க என்றான். எத்தனை வருடம் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் புல்லில் படுத்துக்கொண்டு தூரக்கண்ணாடியில் பார்த்து, காற்று இடமிருந்து வருது, கொஞ்சம் பொறு, இப்பச் சுடு என்று சொல்லியிருக்கிறேன், அவன் கண்ணுக்கு நான் சாண்ட்விச். அவனுக்குத் துப்பாக்கியும் அச்சும் போதவில்லை, தாத்தா கையால் செய்த ஓக் பெட்டியும் வேண்டியிருந்தது, அதுதான் பித்தளை மூலை வைத்து, அப்பா கயிறும் ஆணியும் போட்டு வைத்திருந்தாரே, அது. அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் குண்டுகளை அதற்குள் அடுக்கினான். நம்ம அண்ணனுக்கு ரசனையே கெடையாது, இத்தன அழகா வார்த்துட்டுக் குப்ப டப்பாவுல போட்டு வெச்சிருக்கான் பாருங்க என்று வேறு சொன்னான். நான் படிக்கட்டில் நின்றேன். ஓக் என்று சொல்ல ஒரு நொடி போதும். அப்பா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், எனக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். நான் சொல்லவில்லை. அவன் பெட்டியைத் தூக்கினபோது மட்டும், டுவேன், மூடிய நல்லா இறுக்கி மூடு, தூசி கீசி போயிடப் போவுது என்றேன். அவன் சரி அண்ணி என்று அழுத்தி மூடினான். அடைத்து மூடினால் ஆவி வெளியே போகாது மகளே, இரண்டு பங்கு வேகமாய்க் கெடும்.

ஏப்ரலில் தீவனக் கடையில் பார்த்தேன். பெட்டி எங்கே இருக்கு என்று சாதாரணமாகக் கேட்டேன். கீழ, துணி காயப்போடுற அறையிலதான் அண்ணி, கதகதன்னு இருக்கும் என்றான். ஈரமும் சூடும். ரொம்ப நல்ல இடம் என்று சொல்லிவிட்டுக் கோழித் தீவனத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே குஷி, அதை மறைக்க மாட்டேன்.

கோடை முழுக்க நான் சும்மா இருக்கவில்லை. லவோன் தன் அப்பாவின் அச்சைக் கொடுத்தாள், நம் துப்பாக்கிக்குச் சேரும் அளவுதான். கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உன் அப்பாவின் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு வார்த்தேன். முதலில் வந்ததெல்லாம் என் முகம் மாதிரி சுருக்கம், அச்சு சூடேறவில்லை. பிறகு கை பழகியது. லவோனின் துப்பாக்கியிலேயே சுட்டுப் பழகினேன். டுவேன் கடையில் வாங்கின தோட்டாவைச் சுட்டுப் பழகினான், அண்ணன் குண்டுகளைப் போட்டி நாளுக்கென்று தொடாமல் வைத்திருந்தான். ஊரெல்லாம் போய், இந்த வருஷம் துப்பாக்கி எங்கிட்டதான், எதிர்த்துச் சுட ஆளே இல்ல என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நம் குடும்பத்து வழக்கம் உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நீ எழுதினாலும். செப்டம்பர் முதல் சனிக்கிழமை மைதானத்தில் சுட வேண்டும், வீட்டிலே வார்த்த குண்டை அங்கேயே மேசையில் எல்லார் கண்முன்னும் தோட்டாக் கூட்டில் நிரப்பிச் சுட வேண்டும், மேட்டின் மேல் குறியாக நிற்கிற இரும்பு ஆட்டுக்கடாக்களில் யார் அதிகம் சாய்க்கிறார்களோ அவர்களுக்குத்தான் அடுத்த வருடம்வரை துப்பாக்கி. தாத்தா வைத்த சட்டம். நான் என் காப்பி டப்பாவோடு போய் மேசையில் உட்கார்ந்ததும் டுவேன், அண்ணி வெளிய இருந்து வந்தவங்க, ரத்த சம்பந்தம் இல்ல என்று ஆரம்பித்தான். நடுவராய் நின்ற லவோன், ஒங்க அப்பா, வீட்டுல யாரு நல்லா சுடுறாங்களோன்னுதான் சொன்னாரு, எங்க அப்பா பக்கத்துல நின்னு கேட்டிருக்காரு, இவ வீட்டுக்காரி இல்லாம பின்ன யாரு, பேசாம ஒக்காரு என்றாள். உட்கார்ந்தான். கால் மேல் கால் போட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி தாத்தாவின் பெட்டியை மேசை நடுவில் வைத்துத் திறந்தான்.

ஜனெல், அந்த முகத்தைப் பார்க்க நீ டாஸ்மேனியாவிலிருந்து வந்திருக்கலாம். உள்ளே ஈயமே தெரியவில்லை, வரிசை வரிசையாய் வெள்ளை, மாவில் புரட்டி எடுத்த மாதிரி. ஒன்றை எடுத்தான், விரலில் ஒட்டியது, வாயருகே கொண்டுபோய் ஊதப் பார்த்தான். ஊதாத, விஷம் என்று கத்திவிட்டேன், அந்த ஒரு வார்த்தை என் அனுமதி இல்லாமல் வந்துவிட்டது. என்ன பண்ணி வெச்சீங்க அண்ணி என்று அவன் எழுந்தான். நான் என்ன பண்ணேன், நீதான எடுத்துட்டுப் போன, நீதான அடுக்குன, நீதான மூடுன என்றேன். லவோன் பெட்டியைத் தட்டிப் பார்த்து, ஓக்குல வெச்சியா, ஒன் அண்ணன் ஓர்வின் ஏன் டப்பாவுல வெச்சான்னு ஒரு தடவ கூட யோசிக்கலியா நீ என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குண்டு இல்லாதவன் போட்டியில் இல்லை, எழுந்து போகலாம் என்றாள்.

அங்கேதான் நான் எழுந்தேன். இல்ல, அவனுக்கு என் டப்பாவுலருந்து குடு, நம்ம வீட்டுல வார்த்ததுதான என்றேன். எல்லாரும் என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்திருப்பார்கள். பெரிய மனசும் இல்லை ஒன்றும் இல்லை. குண்டு கெட்டதால் தோற்றேன் என்று அவன் சாகிறவரை சொல்லிக்கொண்டு திரிவான், அந்தச் சாக்கையும் அவன் கையிலிருந்து பிடுங்க வேண்டும். ஒரே டப்பா, ஒரே துப்பாக்கி, ஒரே காற்று. அவன் வெடிமருந்தையும் பார்த்தான், குறியையும் பார்த்தான், புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கவில்லை. முதலில் கடாக்கள் விழுந்தன, காற்று திரும்பினதும் விழுவது நின்றுவிட்டது. நான் படுத்தேன். பக்கத்தில் சொல்ல ஆளில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், இடமிருந்து வருது, கொஞ்சம் பொறு, இப்பச் சுடு. அவனுக்கு அசையாமல் நின்ற கடாக்கள் எனக்கு விழுந்தன. அவன் துப்பாக்கியைத் துடைத்து என் கையில் கொடுக்கும்போது, சாண்ட்விச் கொண்டாந்திருக்கேன், சாப்டுட்டுப் போ டுவேன் என்றேன். அவன் சாப்பிடவில்லை. நான் இரண்டு சாப்பிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் போன வாரம் அவன் வந்தான். அச்சையும் பெட்டியையும் குண்டோடு கொண்டுவந்து வாசலில் வைத்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா அண்ணி என்று கேட்டான். தெரியும் என்றேன். மூடிய இறுக்கி மூடச் சொன்னது என்றான். அதுவும் தெரிஞ்சுதான் என்றேன். கத்துவான் என்று காத்திருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவன் கத்தவில்லை. அண்ணன் கடைசியா வார்த்தத காப்பி டப்பாவுல தூக்கிட்டுப் போவ மனசு வரல அண்ணி, எங்க அப்பா பெட்டியில வெச்சாத்தான் மரியாதன்னு நெனச்சேன் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டான்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியாக வார்த்தது என்று எனக்கும் தெரியும்தானே. அவனைப் பழிவாங்க உன் அப்பாவின் கைவேலையை நானே பூக்க விட்டேன், படிக்கட்டில் நின்றபோது அது எனக்குத் தோன்றவே இல்லை, அவன் முகம் மட்டும்தான் தெரிந்தது. திருடினவன் திருடினவன்தான், அதனால் அவனை மன்னித்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. மனசு ஆறவும் இல்லை.

ஆனால் ஈயம் எங்கும் போகாது. ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன், காய்ந்தபடி தேய்த்தால் தூசி பறக்கும் என்பதால், முகமூடியும் போட்டுக்கொண்டேன், நீ திட்டாதே. வெளியே காற்றோட்டத்தில் உருக்கினேன், அழுக்கு மேலே வந்தது, வழித்து எடுத்ததும் அடியில் பழையபடி பளபளப்பு. அப்பாவின் அச்சிலேயே திரும்ப வார்த்தேன். பாதி என் அலமாரியில் இருக்கிறது. மீதியை ஒரு காப்பி டப்பாவில் மெழுகுத்தாள் போட்டு நிற்க வைத்து, ஓர்வின் வார்த்த ஈயம், டுவேனுக்கு, பெட்டிக்குள் வைக்காதே என்று பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டி அவன் வாசல்படியில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த செப்டம்பரில் அவன் அதைக் கொண்டு வரட்டும். அவனை நான் மறுபடியும் தோற்கடிப்பேன், நல்ல குண்டோடு வந்தவனைத்தான் தோற்கடிப்பேன்.

குளிர் இங்கே இறங்கிவிட்டது, உனக்கு அங்கே வசந்தம் வந்திருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள், கல்லமைப் பட்டினி போடாதே, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாவிட்டாலும் ஜெபம் பண்ணு. ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், உங்கள் வீட்டில் சண்டை வந்தால் பொழுது சாய்வதற்குள் தீரட்டும். நீ இன்னும் டப்பா வாங்கியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும், நாளைக்கே வாங்கு. குண்டுகளை நிற்க வைத்து, சீட்டு ஒட்டி, அப்புறம் மூடியை நன்றாக இறுக்கி மூடு. இந்தத் தடவை மனசாரச் சொல்கிறேன்.

என்றும் உன்,
அம்மா மார்லிஸ்